சம்பந்தி போட்ட கொமெண்ட்

கடந்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் பேஸ்புக் லைவில் இருந்தேன். நீங்களும் இருந்தீர்கள் — மறுக்காதீர்கள், கொமெண்டில் பார்த்தேன்.

நவ்ஷாத் சேரின் புத்தகம் பற்றிய லைவ் அது. சேர் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒரே பாடசாலையில் என்னோடு வேலை செய்தவர். சாய்ந்தமருதில் அவருடைய வீட்டு ஹோலில் பழைய கணிதப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் போனை நிறுத்தியிருந்தோம். சேர் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். நான் நடுநடுவே வாசகர்களின் கொமெண்டுகளை வாசித்துக் காட்ட வேண்டும். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்...

சேர் ஸலாம் சொல்லித் தொடங்கினார். வந்தது வினை.

ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை அல்லவா? எங்கள் ஊர்க்காரர்கள் கடமையில் குறை வைப்பார்களா? ‘வஅலைக்கும் ஸலாம்’ வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. சேர் முதலாம் அத்தியாயத்தை விளக்கி முடித்தார், ஸலாம் முடியவில்லை. பிந்தி வந்தவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு ஸலாம் சொன்னார்கள். முந்தி வந்தவர்கள் அதற்கும் பதில் சொன்னார்கள். இரண்டு பேர் அங்கேயே சுகம் விசாரித்து, ஒருவரின் முழங்கால் வலிக்கு மற்றவர் எண்ணெய் ஒன்றையும் சொல்லிக்கொடுத்தார்.

இடையில் ‘சவுண்ட் இல்ல’ என்று ஒருவர். ‘எனக்கு நல்லா வருது’ என்று இன்னொருவர். ‘கத்தாரிலிருந்து பார்க்கிறேன்’ என்று மூன்றாமவர். பார்க்கிறாராம்! ‘கேட்கிறேன்’ என்று ஒருவராவது எழுதினாரா?

புத்தகம் எதைப் பற்றியது என்று உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சீதன வீடு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கொடுப்பதா இல்லையா என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை அறை, டைல்ஸ் போட்டதா — அவ்வளவுதான் கேள்வி. இந்த வழக்கம் பிழை, பெண்ணைப் பெற்றவரை இது அரைத்துக் குடிக்கிறது என்பதுதான் சேரின் வாதம். நன்றாகவே எழுதியிருக்கிறார்.

வளைகுடாவில் வெயிலில் காயும் வாப்பாமாரைப் பற்றி சேர் தழுதழுத்துக்கொண்டிருந்தபோது, போனில் ஒரு கொமெண்ட் வந்தது.

‘பாலமுனையில் மெயின் ரோட்டுக்குக் கிட்ட, நல்ல தண்ணி உள்ள வளவு. மகளுக்குச் சீதன வீடு கட்ட உகந்தது. இன்பொக்ஸ் வரவும்.’

அதன் கீழே ஒருவர், ‘விலை?’ என்று கேட்டிருந்தார். அன்றைய கலந்துரையாடலில் நான் கண்ட முதல் கேள்வி அது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் சேருக்கு இது சிரிப்பான விஷயம் இல்லை. அவருடைய வீட்டுப் பின்வளவில், மகள் றிஃப்காவுக்கென்று தொடங்கிய வீடு ஒன்று நிற்கிறது. சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. புத்தகம் அச்சுக்குப் போன கையோடு சேர், அதைக் கட்டிக்கொண்டிருந்த மேசன்பாஸை நிறுத்திவிட்டார்.

“எழுதினவனே செய்யாட்டி மறுகா ஆர் செய்யிற, டீச்சர்?” என்றார். நியாயமான கேள்வி.

றிஃப்கா பட்டதாரி. நியமனத்துக்குக் காத்திருக்கிறாள். கல்யாணத்துக்கும் காத்திருக்கிறாள். மாப்பிள்ளை என் தூரத்து மச்சி ஜெஸீமாவின் மகன். சம்பந்தம் பேசி விட்டவள் நான்தான். பிள்ளைகள் இருவருக்கும் நல்ல விருப்பம். ஜெஸீமாவுக்கும் விருப்பம்தான். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: “கூரையப் போடட்டும் மச்சி, திகதி வைப்பம்.”

கூரை இல்லையென்றால் திகதி இல்லை. கூரை போட்டால் புத்தகம் இல்லை. சேர் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருந்தார். தன் பேச்சைக் கேட்டால் ஜெஸீமாவின் மனம் மாறும் என்று நம்பினார். அந்த லைவ் உங்களுக்காகவோ எனக்காகவோ போட்டதல்ல. ஒரேயொரு பார்வையாளருக்காகப் போட்டது.

அவள் வந்தாள். கொமெண்டும் போட்டாள்.

‘மாஷா அல்லாஹ். காலத்துக்குத் தேவையான கருத்து சேர். முதலில் நாங்கள்தான் மாற வேண்டும்.’ பக்கத்தில் சிவப்பு ஹார்ட்டுகள்.

இந்த கொமெண்டை நீங்களும் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். சோறு தின்னும் நேரத்தில் வாசலால் போகிறவரைக் கண்டால், “வாங்க, சோறு தின்னுவம்” என்று சொல்வோமே... அந்த மாதிரி. அவரும் “தின்னுங்க, தின்னுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யாராவது உள்ளே வந்து உட்காருவார்களா?

சேர் உட்கார்ந்துவிட்டார். சோற்றுக்குக் கையும் கழுவிவிட்டார்.

“பாருங்க சகோதரர்களே!” என்று போனைப் பார்த்துக் கத்தினார். “எங்கட மகளுக்கு மாப்பிள்ள தாற சம்பந்தியே எழுதியிரிக்கா! வீடு வேணாம், முதல்ல நாங்கதான் மாறணும் எண்டு எழுதியிரிக்கா! இப்பிடித் தாய்மார் இரிக்கிற சமூகம் ஏன் திருந்தாது?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டாரே தவிர, வாயை மூடவில்லை.

அப்போதுதான் மக்கள் விழித்தார்கள். ஸலாம் நின்றது. ‘முன்மாதிரித் தாய்’, ‘இவவல்லவோ உம்மா’, ‘அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக’ என்று கொட்டத் தொடங்கியது. எண்ணெய் சொல்லிக்கொடுத்தவரும் ஹார்ட் போட்டார்.

மஃரிபுக்குப் பிறகு என் போன் அடித்தது. யார் என்று சொல்லவும் வேண்டுமா?

“அந்த மனிசனுக்கு என்ன மச்சி, மூள கலங்கிட்டா?”

“என்ன நடந்த, ஜெஸீமா?”

“நான் ஒரு நல்ல வார்த்த எழுதினா அத இப்பிடியா சபையில வாசிக்கிற?”

“நீங்க சபையிலதானே எழுதின?”

“எல்லாரும் எழுதுறதுதானே அது! நான் சமூகத்துக்கு எழுதின மச்சி. என்ட மகனுக்கா எழுதின?”

எத்தனையோ இலக்கியக் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். எழுத்தாளனுக்கும் வாசகருக்கும் உள்ள உறவை இவ்வளவு சுத்தமாக ஒருவரும் விளக்கிச் சொன்னதில்லை.

“அப்ப அழிச்சி விடுங்க,” என்றேன்.

“எப்பிடி அழிக்கிற? டோஹாவில இரிக்கிற என்ட தங்கச்சி ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சிட்டா. மத்ரஸாவில பொம்புளையளுக்கு இதப் பத்திக் கதைக்க வரட்டாம்...” இந்த இடத்தில் குரல் கொஞ்சம் இளகியது. “என்னத்த உடுத்துட்டுப் போற எண்டு வேற யோசினையா இரிக்கி.”

பிறகு பெருமூச்சு விட்டாள். “சரி மச்சி. வாக்கு வாக்குத்தான். நான் வீடு கேக்கல்ல. ஆனா என்ட மகன் கலியாணம் முடிச்சிட்டு எங்க போய் இரிக்கிற? இந்த வீடு என்ட மகளுக்கு எழுதியாச்சி. வாடக வீட்டுக்கு விட்டா, மகனைத் தெருவில விட்ட உம்மா எண்டு நாளைக்கு அதுக்கும் கொமெண்ட் வரும். இதுக்கொரு முடிவு வரும் வர திகதியக் கதைக்காதீங்க.”

மறுநாள் சேர் வீட்டுக்குப் போனேன். சேர் சாய்மனைக் கதிரையில் இருந்து ஒவ்வொரு கொமெண்டுக்கும் நன்றியாக ‘ஜஸாக்கல்லாஹு ஹைரா’ எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக் களைத்தால் வெறும் ஹார்ட்.

“பாத்தீங்களா டீச்சர், சனம் மாறிட்டு!”

“உங்கட சம்பந்தி இன்னும் திகதி தரல்ல சேர். பிள்ளையள் எங்க இரிக்கிற எண்டு கேக்கிறா.”

“அல்லாஹ் ஒரு வழிய விடுவான்,” என்று சொல்லிவிட்டு அடுத்த கொமெண்டுக்கு ஹார்ட் போட்டார்.

உள்ளேயிருந்து றிஃப்கா வந்தாள். கையில் போன். முகம் சரியில்லை.

“வாப்பா, நேத்து லைவ்ல நான் ஒரு கேள்வி கேட்ட. பாத்தீங்களா?”

“நீ எங்க மகள் கேட்ட? உள்ளுக்குத்தானே நிண்ட?”

“குசினிக்குள்ள அடுப்படியில நிண்டுதான் கேட்ட. நேர வந்து கேட்டா ‘பொறு மகள்’ எண்டுவீங்க. கொமெண்டுக்குத்தானே மறுமொழி சொல்றீங்க.”

போனை அவரிடம் நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். முழங்கால் வலிக்கும் வளவு விற்பனைக்கும் இடையில் அவள் எழுதியிருந்தாள்: ‘நீங்கள் நிறுத்திய வீட்டின் உறுதிப்பத்திரம் யாருடைய பெயரில் எழுத இருந்தது?’

கீழே சேரின் ஹார்ட்.

“ஹார்ட் போட்டிருக்கீங்க வாப்பா. மறுமொழி எங்க?”

சேர் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார். வாசிக்காமல் லைக் போடுகிறார்கள் என்று நாங்கள் இத்தனை நாளாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம்?

“ஒன்ட பேர்லதான் மகள்,” என்றார் மெதுவாக.

“அப்ப அது மாப்பிள்ளைக்குக் குடுக்கிற வீடா, எனக்குத் தாற வீடா? மூத்த மகன் எண்டு காக்காக்கு வயல் எழுதினீங்க. ஒருத்தரும் கேக்காமலே எழுதினீங்க. அதுக்கு ஒரு கட்டுரையும் வரல்ல. எனக்கெண்டு வரக்கொள்ளதான் ஒங்கட கொள்கை வந்த.” குரல் உடைந்தது. “ஒங்கட புத்தகத்த நான் முழுக்க வாசிச்ச வாப்பா. நல்ல புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலயும் நீங்க அழுறீங்க, மாப்பிள்ள கேக்கிறாரு. நான் எங்க? நாளைக்கு எனக்கு ஒண்டு எண்டா எந்த வாசல்ல போய் நிக்கிற?”

குசினிக்குள்ளிருந்து சேரின் மனைவி பேசினார்.

“இது என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு. அதாலதான் எங்களுக்குள்ள சண்ட வந்தா இந்த மனிசன் கோவிச்சிட்டு வெளிய போறாரு. நான் போறல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்தார் பார்த்தது, டோஹா ஸ்டேட்டஸ் வைத்தது, ஊரே வாழ்த்தியது. புத்தகத்தை முழுக்க வாசித்து, ஒரு கேள்வியும் கேட்ட வாசகி குசினிக்குள் நின்றிருக்கிறாள். அந்தப் பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எங்களை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சேர் போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “கணக்கில ஒரு ஸ்டெப்ப விட்டுட்டன் டீச்சர்,” என்றார். “விடை பிழைச்சிட்டு.”

றிஃப்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே ஜெஸீமாவின் மகனுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“வீடு என்ட பேர்லதான் எழுதுவாங்க. உங்கட பேர் எங்கயும் வராது. நீங்க வந்து இரிக்கலாம். சரியா?”

“ஓம். அதுக்கென்ன?” என்றது அந்தப் பக்கம். அவனுக்கு இதில் என்ன பிரச்சினை என்றே விளங்கவில்லை. நல்ல பொடியன்.

அன்று பின்னேரமே ஜெஸீமா திகதி தந்துவிட்டாள். கேட்காமல் விட்டால் அல்லாஹ் தானாகவே தருவான் என்றுதான் மத்ரஸாவில் பேசப் போகிறாளாம். முன்மாதிரித் தாய் பட்டத்துக்கு ஒரு பழுதும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் மேசன்பாஸ் வந்து கூரை வேலைக்குச் சாரம் கட்டத் தொடங்கினார். சேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. நான் பயந்தேன். பயந்தபடியே நடந்தது.

“மகள்! மகளுக்குத் தாற வீடு வேற, மாப்பிள்ளைக்குக் குடுக்கிற சீதனம் வேற... என்ன அருமையான கருத்து! இத வெச்சி வெள்ளிக்கிழம இன்னொரு லைவ் போடுவமா?”

றிஃப்கா திரும்பியும் பார்க்கவில்லை.

“முதல்ல கூரையப் போடுங்க, வாப்பா.”