சைபர் வாங்கியவள்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எங்கள் கல்லூரியில் குறைவு. யார் எந்தக் கோளாறோடு போய் நின்றாலும் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்பாள். அப்படியே ரீஸ்டார்ட் என்று ஆகிவிட்டாள். மாணவர் கணினி மன்றத்தில் பாதி இயந்திரங்கள் அவள் தயவில்தான் ஓடின. ஆனால் அவளுக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக், அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். வீட்டிலிருந்த ஒரே திரை அம்மாவின் கைப்பேசி, அதுவும் மூலையில் கீறல் விட்டது.

நான் அவள் பக்கத்து இருக்கைக்காரி. மன்றத் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்குடி உனக்கு இந்த வேண்டாத வேலை?"

"லேப் சாவி தலைவர் கையிலதான இருக்கும். சனிக்கிழமையும் திறந்து வைக்கலாம். வீட்ல கம்ப்யூட்டர் இல்லாதவங்க எத்தனை பேர் இருக்கோம்னு உனக்குத் தெரியாது."

அவளுடைய தேர்தல் அறிக்கை மொத்தமும் அவ்வளவுதான். எதிரே நின்றவனை மைக் என்போம், கையில் கிடைத்தால் விடமாட்டான். பெரிய கம்பெனி ஆட்களைக் கூட்டி வருவேன், எல்லோருக்கும் டீ ஷர்ட் தருவேன் என்று பேசி மேடையை அதிர வைத்தான். இவள் பேசிய நான்கு நிமிடத்தில் மூன்று பேர் கொட்டாவி விட்டதை நான் பார்த்தேன். நான்காவது ஆள் நான்.

"உனக்குத்தான் போடுவேன், கவலைப்படாதே" என்று அவளிடம் சொன்னேன். போட்டது மைக்குக்கு. காரணத்தைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. என் இறுதியாண்டு புராஜெக்டின் முக்கால்வாசியை அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். தலைவியாகிவிட்டால் அவளுக்கு ஏது நேரம்? என் பிழைப்பு அந்தரத்தில் தொங்கும் என்று பயந்தேன்.

ஓட்டுப் போடும் நிரலை அவளே முதலாண்டில் எழுதி வைத்திருந்தாள். இடைப்பட்ட வருடங்களில் ஒருவர் மட்டுமே நின்றதால் அதற்கு வேலை வரவில்லை. "அவ எழுதினதுன்னா தப்பு இருக்காது" என்று மைக்கே சொல்லிவிட்டான். உறுப்பினர்கள் அறுபத்து நான்கு பேர். இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு போனால் வரும் எண் என்பதால், கணினிக்காரர்களுக்கு நூறைவிட அழகானது அது. ஒரு வாரத்துக்குள் அவரவர் கைப்பேசியிலேயே ஓட்டுப் போடலாம்.

முடிவு நாளில் மைக் ஜெயித்தான். தோற்றவர் வாங்கிய ஓட்டைச் சபையில் வாசிப்பதில்லை என்பது மன்றத்தின் பழைய நாகரிகம். ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடம் மட்டும் கொடுப்பார்கள். ரீஸ்டார்ட் தாளைப் பிரித்துப் பார்த்தாள். என்னை மாடிப்படிக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். சைபர் என்று இருந்தது.

அவளைத் தவிர்த்த அறுபத்து மூன்று பேரில் ஒருவர்கூட இல்லையா?

"நான் எனக்குப் போட்டுக்கல. ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு, காலியா விட்டுட்டேன்" என்றாள். "நீ எனக்குத்தானே போட்ட?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மை பேசும் தைரியம் எனக்கு இல்லை. "பின்ன? உனக்குத்தான்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அப்ப ஒண்ணாவது இருக்கணுமே. நிரல்தான் தப்பு" என்று சொல்லிவிட்டு லேபுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன், வேறு வழி?

அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். நிரல் எழுதுகிற நாங்கள் எதையும் ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை, சைபரிலிருந்துதான் தொடங்குவோம். முதல் ஆளாக விண்ணப்பம் கொடுத்த அவளுடைய எண் சைபர், மைக்கின் எண் ஒன்று. காலி ஓட்டுகளைத் தள்ளிவிட அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த வரிக்குச் சைபருக்கும் காலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு விழுந்த ஓட்டையெல்லாம் காலி என்று தள்ளிவிட்டது. ஆனால் யார் போட்டது என்ற பெயரில்லாத மூலப் பதிவில் எல்லாம் பத்திரமாக இருந்தன. கையால் எண்ணினோம். மைக்குக்கு முப்பத்து இரண்டு. காலி ஒன்று. அவளுக்கு முப்பத்து ஒன்று.

அவள் அழுதாள், சந்தோஷத்தில். அப்பாவுக்கு உடனே போன் போட்டாள். அவர் சிரித்தது எனக்கே கேட்டது. "லிஃப்ட்ல சைபர்னா தரைத்தளம்மா. அங்கதான் கூட்டமே ஏறும்."

நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் ஓட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் முப்பத்து இரண்டு அவளுக்கு, முப்பத்து ஒன்று அவனுக்கு.

மறுநாள் சபையில் எழுந்து, தப்பு தன்னுடையது என்று அவளே சொன்னாள். "வேணும்னா திரும்ப வச்சுக்கலாம்" என்றான் மைக், நல்லவன்தான். "எதுக்கு? ஒரு ஓட்டுன்னாலும் ஜெயிச்சது நீதான்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வாரம் தூக்கமில்லாமல் இருந்துவிட்டு, அதே மாடிப்படியில் அவளிடம் சொல்லிவிட்டேன். புராஜெக்ட் விஷயம் உட்பட எல்லாவற்றையும்.

"நீ அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா அந்தச் சைபரை நான் நம்பியிருப்பேன்டி. முப்பத்தொரு பேர் இருக்காங்கன்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"உன் புராஜெக்டை இனிமே நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பார்த்துக்கொண்டேன், முட்டி மோதி. தலைவரைத் தவிர வேறு யார் கைக்கும் சாவி போகக் கூடாது என்பது கல்லூரி விதி. சனிக்கிழமைகளில் மைக் வீட்டுக்குப் போய்விடுவான். அந்த வருடம் முழுக்க ஒரு சனிக்கிழமைகூட லேப் திறக்கவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து, ரீஸ்டார்ட் நோட்டில் பென்சிலால் நிரல் எழுதிக்கொண்டிருப்பாள். நான் அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன்.