தம்பிராசாவுக்காக ஒரு மாலை

கொழும்புக் கோட்டையில் சனிக்கிழமை காலை ஏறிய ரயில், மதியம் பன்னிரண்டு மணியளவில் எங்களை யாழ்ப்பாணம் நிலையத்தில் இறக்கிவிட்டது. எங்களை என்றால் என்னையும் மேரியையும். மேரி என்பது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. இந்தக் கட்டுரையில் வழி, தூரம், கட்டணம் எல்லாவற்றையும் முடிந்தவரை சரியாக எழுதுவேன். அவருடைய பெயரையும் நாட்டையும் மட்டும் எழுத மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

தன் நாட்டில் கிறிஸ்தவராக இருந்ததற்காக வீட்டைவிட்டு ஓடிவந்தவர் மேரி. இப்போது நீர்கொழும்பில் ஒரு வாடகை அறையில், வேறொரு நாடு தன்னை ஏற்குமா என்று காத்திருக்கிறார். பருத்தித்துறைக்குக் கிழக்கே கடற்கரையில் ஒரு சிறிய கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. உலகெங்கும் விசுவாசத்துக்காகத் துன்புறும் கிறிஸ்தவர்களுக்காக அன்று மாலை அங்கே மன்றாட்டு. அதில் பேச அவரையும், அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள்.

நான் ஹற்றனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். என் ஆங்கிலத்தை யாரும் எனக்கு இனாமாகத் தரவில்லை. அதை நம்பி ஒருவர் என்னோடு நானூறு கிலோமீற்றர் வந்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஒரு மணிக்கு 750ஆம் இலக்க பஸ். பருத்தித்துறைக்கு முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றர். ஆளுக்கு நூற்று அறுபது ரூபா. நல்லூரில் கோயிலடியில் ஏறிய ஓர் அம்மா எங்கள் பக்கத்தில் அமர்ந்தார். நெற்றி நிறைய விபூதி, மடியில் பூசைப் பை. மேரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, உவ இந்தி நாடகத்திலை நடிக்கிறவவோ? எங்கையோ கண்ட முகமாய்க் கிடக்கு."

"இல்லீங்கம்மா. நாங்க ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போறோம்."

"நீர் மலைநாட்டுப் பக்கம் போல. ஆருக்காகக் கும்பிடப் போறியள்?"

சொன்னேன். கோயில் எரிக்கப்பட்டவர்கள், விசுவாசத்தால் வேலை இழந்தவர்கள், சிறையில் இருப்பவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் பாட வேண்டியவர்கள் என்று. வல்லை வெளியில் காற்று பஸ்ஸின் தகரத்தை உலுப்பியது. இருபுறமும் உப்பு பூத்த நிலம், தூரத்தில் நீர்.

"சாமி கும்பிடவும் விடாமல் துரத்துறதெண்டால் அது பெரிய பாவம்" என்றார் அந்த அம்மா. நெல்லியடியில் இறங்குமுன் மேரியின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனார். மேரி என்னிடம் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை.

பருத்தித்துறையிலிருந்து ஓட்டோ எழுநூறு ரூபா. ஓட்டினவர் ரூபன் அண்ணை. தான் சைவமாம், ஆனால் பெருநாளுக்கு அந்தக் கோயிலில் அப்பம் வாங்க ஒருபோதும் தவறியதில்லையாம். கோயிலுக்கு அடுத்த வீட்டில்தான் எங்களுக்குத் தங்கல். வீட்டுக்காரி றோசலின் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். யுத்த காலத்தில் கடலுக்குப் போன கணவர் திரும்பவே இல்லை. சோறும் சூடை மீன் குழம்பும் முருங்கைக்காய்ப் பால்கறியும் வைத்துவிட்டு, "உறைப்புக் கூடவோ எண்டு கேளும் பிள்ளை" என்றார். மேரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் இன்னும் குழம்பு கேட்டார்.

சாப்பிட்ட பின் குசினி அடுப்படியில் உட்கார்ந்து மேரி தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன். அந்த நாட்டவரின் மதத்தை அவன் நிந்தித்தான் என்று யாரோ கிளப்பிவிட, தெருவே திரண்டு வந்தது. வீட்டின் பின்பக்கமாக ஓடியவன் இன்னும் ஒளிந்திருக்கிறான். எங்கே என்று தாய்க்கும் தெரியாது. எப்போதாவது கைத்தொலைபேசியில் ஒரு சொல் வரும். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன்.

"பேர் என்ன?" என்று கேட்டார் றோசலின் அக்கா. மேரி மெல்லச் சொன்னார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. றோசலின் அக்கா அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

ஏன் பழகினார் என்பது நாலரை மணிக்குக் கோயிலில்தான் விளங்கியது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செபமாலை முடிந்ததும், காணாமற்போனவர்களின் வீட்டார் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து பெயரைச் சொல்வார்கள். உடனே கோயில் முழுவதும் ஒரே குரலில் அந்தப் பெயரைக் கூப்பிடும். கோபுரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. போனவர் எங்கிருந்தாலும் கேட்கட்டும் என்று. இப்போது அதற்கு மேலே, பரிஸிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவுகளுக்காகக் கைத்தொலைபேசியில் நேரலையும் போகிறது.

"இண்டைக்கு முதல் பேர் தம்பியின்ரை பேர்தான். நானே கூப்பிடுறன்" என்று றோசலின் அக்கா சந்தோஷமாகச் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மேரி ஒலிபெருக்கியைப் பார்த்தார், நேரலைக்காக முக்காலித் தாங்கியில் நின்ற தொலைபேசியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேண்டாம். அந்தப் பெயர் இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. போனால் அவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் போகிறேன்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். றோசலின் அக்காவுக்கும் முகம் மாறியது.

"பேர் சொல்லாமல் எப்பிடிப் பிள்ளை மன்றாடுறது? கடவுளுக்குத் தெரியுந்தானே எண்டால் நாங்கள் ஏன் கோயிலுக்கு வாறம்? பதினைஞ்சு வருசத்துக்கு மேலை என்ரை மனிசனைக் கூப்பிடுறன். ஒரு கிழமை விட்டனெண்டால், அவர் இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. பேரை மறைக்கச் சொல்லுறது, ஆளைப் புதைக்கச் சொல்லுற மாதிரி."

நயமாக மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மாற்றவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். மேரி கதவருகே நின்றபடியே பதில் சொன்னார்.

"அக்காவின் கணவரைக் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் பெயர் எங்கும் கேட்க வேண்டும். என் தம்பியைக் கண்டுபிடிக்கக் கூடாது."

இதையும் அப்படியே தமிழில் சொன்னேன். றோசலின் அக்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பீடத்துப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த, றோசலின் அக்காவின் சிநேகிதி புஷ்பம் அக்கா, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அப்ப ஒரு வீட்டுப்பேரை வையுங்கோவன்."

யாழ்ப்பாணத்தில் பலருக்குப் பதிவுப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறொன்று என்பது எனக்கு அதுவரை தெரியாது. கலியாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரரின் உண்மைப் பெயரைத் தெரிந்துகொள்பவர்களும் உண்டாம்.

"றோசலின், உன்ரை மனிசனையும் பதிஞ்ச பேரிலை ஆர் கூப்பிட்டது? ஊருக்கே அவர் கட்டையன்தானே. நீயும் மைக்கிலை கட்டையன் எண்டுதானே கூப்பிடுறாய்."

"உன்ரை வாயை மூடடி" என்றார் றோசலின் அக்கா. ஆனால் சிரித்துவிட்டார். பிறகு மேரியிடம் போய், அவர் தோளில் கிடந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கேளும் பிள்ளை. தம்பிக்கு நான் ஒரு பேர் வைக்கட்டோ? எனக்குக் கூடப்பிறந்தது ஒண்டும் இல்லை. தம்பிராசா எண்டு வைப்பம். எங்கடை பக்கம் தடக்கி விழுந்தால் ஒரு தம்பிராசாவிலைதான் விழ வேணும். ஆரும் தேடிப் பிடிக்கேலாது."

மேரி அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். 'ராசா' மட்டும் சரியாக வந்தது. பையை இறக்கி வைத்தார்.

ஆறு மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. மேரி நாட்டையும் ஊரையும் சொல்லாமல் பேசினார். முகம் நேரலையில் விழாதபடி தூணுக்குப் பின்னால் நின்றார். நான் அவருக்கு முன்னால் நின்றேன். சிறையில் இருப்பவர்களுக்காக, எரிந்த கோயில்களுக்காக, காட்டு வழியே எல்லை கடக்கும் குடும்பங்களுக்காக மன்றாடினோம். எங்கள் தீவிலும் ஒரு பெருநாள் காலையில் கோயில்களில் இரத்தம் சிந்தியவர்களுக்காகவும் மன்றாடினோம். "இதுகளைச் செய்யிறவையளின்ரை மனமும் திரும்ப வேணும்" என்று புஷ்பம் அக்கா சேர்த்தார். கடைசியில் றோசலின் அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தம்பிராசா!"

"தம்பிராசா!" என்றது கோயில். முன்வரிசைக் குழந்தைகள் அடித்தொண்டையில் கத்தினார்கள். ஒலிபெருக்கி அதைக் கடலுக்குக் கொண்டுபோனது. அடுத்ததாகக் கட்டையனைக் கூப்பிட்டார்கள். மேரி தன் தொலைபேசியில் ஒலியைப் பதிந்துகொண்டிருந்தார். கட்டையனுக்கு அவரும் சேர்ந்து குரல் கொடுத்தார்.

ஞாயிறு காலை எங்களை ஏற்ற வந்த ரூபன் அண்ணை முதல் கேள்வியாக, "தங்கச்சி, ஆர் இந்தத் தம்பிராசா?" என்றார். "சந்தியிலை பலசரக்குக் கடைத் தம்பிராசா, தனக்கு என்னவோ எண்டு ராத்திரி முழுக்கப் பயந்துபோனார். அவரின்ரை மனிசி விடியவே கோயிலடிக்கு வந்து விசாரிச்சவ."

"தூரத்துல உள்ள ஒருத்தருங்க அண்ணை. கஷ்டத்துல இருக்காரு."

"ஆரெண்டாலும் பரவாயில்லை. நானும் சந்நிதி முருகனுக்கு ஒரு சொல்லுச் சொல்லி வைச்சனான்." எழுநூறு ரூபாவில் இருநூறைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

ரயில் ஆனையிறவைத் தாண்டும்போது மேரியின் தொலைபேசி ஒலித்தது. இரவு தம்பிக்கு அனுப்பிய ஒலிப்பதிவுக்குப் பதில். படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். தம்பி எழுதியிருந்தான்: "இத்தனை பேர் கூப்பிடுகிறார்களே, யார் இந்த மனிதர்? நானும் அவருக்காக ஜெபித்தேன்."

மேரி ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்: "நீதான்."

தோட்டத்துக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்து பறிப்பவர். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் ஊரில் காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. கூப்பிட்ட பெயர் கேட்காமல் போய்விடக் கூடாதே என்ற பயத்தில்தான் அவருடைய ஒவ்வொரு நாளும் விடிந்தது. தன் பெயரைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று ஒருவன் பயந்திருப்பதை அவரால் எளிதில் நம்ப முடியவில்லை. அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்து கூடையை இறக்கியதும் என்னிடம் கேட்கிறார்: "அந்தப் புள்ள தம்பிராசாகிட்ட இருந்து ஏதும் சேதி வந்துச்சா?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லம்மா."

"சரி, வா. கூப்பிட்டு வைப்போம்."