முழுக்கைச் சட்டைக்குள் ஒரு முகமூடிக்காரர்

என் அக்காவின் கணவர் அமெரிக்காவில் முகமூடி போட்டுக்கொண்டு மல்யுத்தம் செய்கிறவர் என்று ஒரு தீபாவளி வாரம் முழுக்க நான் நம்பினேன். அப்போது நான் சின்னப் பையனும் இல்லை. மீசை முளைத்து, பாலிடெக்னிக்கில் இரண்டு பாடங்களைப் பாக்கி வைத்திருந்த வயது. குழந்தை இப்படி நம்பினால் வீட்டில் கொஞ்சுவார்கள். முகச்சவரம் செய்துகொள்கிறவன் நம்பினால் வைத்தியம் பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு முழுக்கைச் சட்டை. காப்பிக்கொட்டை நிறம்; கழுத்துப் பொத்தானிலிருந்து மணிக்கட்டுப் பொத்தான் வரை எல்லாம் பூட்டியிருக்கும். தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மச்சான், அந்தப் புழுக்கத்திலும் அதைக் கழற்றவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பரமத்தி வேலூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. கேபிள்காரர் தென்னைக்குத் தென்னை கம்பி இழுத்து, மாட்டுக்கொட்டகை மேலாகக் கொண்டுவந்து எங்கள் டி.வி.யில் சொருகிவிட்டுப் போனார். மறுநாளே அதற்குள்ளிருந்து ஜட்டி போட்ட மலைகள் வெளியே வந்தன. ஒருவன் முடி இடுப்பு வரை தொங்கும்; இன்னொருவன் மைக்கைப் பிடித்து உறுமினால் எங்கள் எருமை திரும்பிப் பார்க்கும். வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஈரக் காலோடு வரும் அப்பா நின்றபடியே பார்த்துவிட்டு, "பூராவும் நடிப்புடா. அடிக்கற அந்தச் சேரு வெறுந்தகரம்" என்று சொல்லிக் கை கழுவப் போவார். அம்மாவோ, அடிபட்டு விழுந்தவனைப் பார்த்து, "பெத்தவ பாத்தா வகுறு எரியாதா?" என்று மூக்கைச் சிந்துவாள். நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. என் சந்தேகமெல்லாம் நடுவர் மேல்தான். எதிராளி நாற்காலியைத் தூக்குகிற நேரம் பார்த்து மனிதர் சரியாக அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாரே, யாரிடம் வாங்கித் தின்றார்? சண்டை நிஜம், நடுவர் மட்டும் பொய் என்பது நான் துப்பறிந்து கண்ட முடிவு. அந்த மூளையைத்தான் பிறகு மச்சான் மேல் திருப்பினேன்.

மச்சான் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. தை மாதம் கல்யாணம் முடிந்த கையோடு வண்டி வடக்கே கிளம்பிவிட்டது. எந்த ஊரில் இருக்கிறார் என்பது அக்காவுக்கே தெரியாது. வண்டி எங்கே துளை போடுகிறதோ அதுதான் ஊர். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பாதி மாப்பிள்ளைகள் இப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். ஆனால் சந்தேகப்பட உட்கார்ந்தவனுக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடைக்குமா? டி.வி.யில் மஞ்சள் முகமூடி போட்ட ஒருவன் வருவான். குட்டை, கழுத்தே கிடையாது, மச்சானின் அச்சு. மற்றவர்கள் மைக்கில் கத்துவார்கள், அவன் தலையை மட்டும் ஆட்டுவான், மச்சானும் அப்படித்தான். அவன் உடுப்பு இடது தோளை மட்டும் மூடியிருக்கும். மச்சான் ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே டி.வி.யில் முகமூடிக்காரனைக் காணோம். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அம்மாவின் சந்தேகம் வேறு திசையில் போனது. தீபாவளிக்கு முதல் நாள் அடுப்படியில், "வடக்க போன எடத்துல எவ பேரையோ மேல பச்சை குத்திக்கிட்டு வந்திருக்கான்" என்றாள். அதுவரை மாப்பிள்ளையை 'ங்க' போடாமல் அவள் பேசியதே இல்லை. "நாளைக்கு எண்ணெய் வெக்கறப்ப சட்டையக் கழட்டட்டும். கழட்டலீன்னா இவளை நான் அனுப்பறதா இல்ல." மச்சான் திருச்செங்கோட்டில் தனி வீடு பிடித்திருந்தார், தீபாவளி முடிந்து அக்காவை அங்கே கூட்டிப்போவதாகப் பேச்சு. அக்கா அதிரசப் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பாகு மட்டும் தேவைக்கு மேல் கிண்டுப்பட்டது.

என் கலக்கம் தனி ரகம். பச்சை குத்தியிருந்தால் அக்கா வாழ்க்கை போச்சு. முகமூடி என்றாலும் போச்சு. பகையாளிகள் வீடு தேடி வரமாட்டார்களா? செந்தாடி வைத்த ஒரு ராட்சசன் கரூர் பஸ்ஸிலிருந்து குனிந்து இறங்கி, கையில் மடக்கு நாற்காலியோடு, "ரிக் வண்டிக்காரர் மாமனார் ஊடு எதுங்க?" என்று வெற்றிலை மண்டியில் விசாரிப்பதாக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கொங்குத் தமிழில் விசாரித்ததுதான் இன்னும் பயமாக இருந்தது.

தீபாவளியன்று நன்றாக விடிந்த பிறகு மச்சானை வாசலில் மணையில் உட்கார வைத்தார்கள். சட்டையோடுதான் உட்கார்ந்தார். அம்மா காய்ச்சிய எண்ணெயோடு வந்தாள்.

"சட்டையக் கழட்டுங்க மாப்ளை."

"இருக்கட்டுங்க அத்தை. தலைக்கு மட்டும் வெச்சாப் போதும்."

"முதுகுக்கு யாரு வெப்பாங்க?"

"குளிரடிக்குதுங்க."

அவர் நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா எங்கள் எருமையைப் பார்த்தார்.

மச்சான் தலையில் அம்மா மூன்று சொட்டு வைத்ததும், அழுத்தித் தேய்ப்பது பெண்ணின் தம்பி வேலை. அதுதான் எங்கள் வழக்கம். ஆக, முகமூடிக்காரனின் பின்பக்கம் நிற்கும் உரிமை சட்டப்படி எனக்கு வந்து சேர்ந்தது. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். டி.வி.யில் எவனாவது பின்னாலிருந்து இடது தோளை அமுக்கினால், முகமூடிக்காரன் அவனைத் தலைக்கு மேலே தூக்கி முன்பக்கம் வீசுவான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் மச்சானின் இடது தோளை ஓர் அமுக்கு அமுக்கினேன். பறக்கத் தயாராகத்தான் நின்றேன்.

பறக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மச்சான் மணையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. அப்போதும் என் மூளை சொன்னது என்ன தெரியுமா? நடிக்கிறார். கிட்டே போனால் காலை வாரிவிடுவார். நான் இரண்டு கையாலும் என் தலையைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். ஒரு மனிதன் உண்மையான வலியில் கிடக்கும்போது, நடுவர் வந்து தரையைத் தட்டி எண்ணுவார் என்று காத்திருந்த தடியன் இந்தச் சேலம், நாமக்கல் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்காதான் ஓடிவந்தாள். கையில் பாகுக் கரண்டி. அவர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார், தட்டிவிட்டாள். அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். "எல்லாரும் வந்து பாத்துக்கங்க. எவ பேரும் இல்ல. போதுமா?" என்றாள். கழுத்துக்கும் இடது தோளுக்கும் நடுவில் எலும்பு, மூங்கில் கணுவைப் போல, தோலை முட்டிக்கொண்டு துருத்தி நின்றது. தோள் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்களிடம் சொல்லக்கூடாது என்று மச்சான்தான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அம்மா கிண்ணத்தை எடுத்து, அந்தக் கணுவைச் சுற்றி, கோழிக்குஞ்சைத் தொடுவதுபோல எண்ணெய் தடவினாள்.

"வலிக்குதுங்களா சாமி?"

"இல்லீங்க அத்தை. கொஞ்சங்கூட இல்ல."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இதுதாண்டா நடிப்பு."

பிறகு கேபிள்காரரிடம் முகமூடிக்காரன் எங்கே போனான் என்று மெதுவாகக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ நடந்த சண்டை சாமி, பழைய கேசட்டு. அந்தக் கேசட்டு தீந்துபோச்சு" என்றார். என் துப்பறியும் வேலையும் அத்தோடு தீர்ந்தது. சட்டை கழன்றுவிட்டதால், அம்மா சொன்ன சொல்படியே தீபாவளி முடிந்து அக்காவை அனுப்பிவைத்தாள்.

சென்ற தீபாவளிக்குத் திருச்செங்கோடு போயிருந்தேன். மச்சானின் பேத்தி செல்போனில் ஏதோ ஒரு பழைய சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள் என்பது இன்று அவள் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். "தாத்தா, இதெல்லாம் பொய்தானுங்களே?" என்றாள். மச்சான் எட்டிப் பார்த்தார். "அடிக்கறது பொய்யா இருக்கும் கண்ணு. அத்தாந்தண்டி ஒசரத்திலிருந்து உழுகறது நெசந்தான?" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போது அவர் வீட்டில் சட்டையே போடுவதில்லை. இடது தோளில் ஒரு துண்டு கிடக்கும், அடிக்கடி நழுவும், வலது கையால் எடுத்துப் போட்டுக்கொள்வார். வலிக்கிறதா என்று யார் கேட்டாலும் இல்லை என்பார். முப்பது வருடங்களுக்கு மேலாக நான் அதை நம்பவில்லை.

காப்பிக்கொட்டைச் சட்டை அக்கா வீட்டில் கொஞ்ச காலம் சைக்கிள் துடைத்துவிட்டு மக்கிப்போனது. அதற்குள் இருந்தது முகமூடிக்காரனும் இல்லை, யாருடைய பெயரும் இல்லை. வடக்கே ஒரு காட்டில் துளைக்குள்ளிருந்து ராடு என்கிற நீண்ட இரும்புக் குழாயை உருவும்போது கொக்கி நழுவி, அந்த இரும்பு அவர் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாததால் துணியை வைத்துக் கட்டிக்கொண்டு வண்டியிலேயே படுத்துக் கிடந்தார். அது கோணலாக ஒட்டிக்கொண்டது. கை விளங்காதவனுக்குப் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று நாங்கள் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தச் சட்டையை வாங்கியிருக்கிறார்.