வலிக்காத கால்

கடை சாத்துவதற்கு முன்னால் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டு வருவேன். ஒடிந்த ஊசி, குண்டூசி, கொக்கி எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். மந்தைவெளியில் தையல்கடை வைத்த நாளிலிருந்து விடாத பழக்கம். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மட்டும் விட்டுவிட்டேன். துணி குவிந்து கிடந்தது, கை ஓய்ந்துபோயிருந்தது. அந்த ஒரு நாளால்தான் ஒரு மனிதரின் கால் போயிற்று என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியும் என்னுடையதுதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் கடைக்குள் ஜமுக்காளம் விரித்து உட்காருவோம். எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய், அட்டை கிழிந்த ஒரு உருதுப் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்வார். சைதாப்பேட்டையிலிருந்து வரும் பஸ் கண்டக்டர் கேள்வி கேட்பார். அவரும் முஸ்லிம்தான், ஆனால் உருது தெரியாது. நான் எட்டாவதோடு நின்றவன். யார் வாயிலாவது நல்ல வார்த்தை விழுந்தால், துணி வெட்டும் மாதிரி அட்டையின் பின்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்வது என் பைத்தியம். நடுவில் புத்தகம் இருப்பதால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம்.

படித்தது ஞானக் கவிதைகள். எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: இந்த ‘நான்’ என்பதை என்ன செய்வது? கரைத்துவிடு என்றார்கள் பழைய கவிஞர்கள். கரைக்காதே, கட்டு, உரமேற்று என்றார்கள் பின்னால் வந்தவர்கள். அப்படிக் கட்டி முடித்தவனுக்கு ஒரு பெயர் உண்டு: இன்சானுல் காமில், நிறைவான மனிதன். ஆசையும் பயமும் அசைக்காதவன். இறைவன் இந்தப் பூமியையே நம்பி ஒப்படைக்கக்கூடியவன்.

“ஒருத்தரு கரைங்கிறாரு, ஒருத்தரு கட்டுங்கிறாரு. நம்ம நானை இன்னாதான் பண்றது பாய்?” என்றார் கண்டக்டர்.

“உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருக்கான்னு மொதல்ல பாருங்க.”

“இல்லாமியா? லாஸ்ட் ஸ்டாப்புல எல்லாரும் எறங்கினப்புறம் எவன் பாக்கி கீறானோ, அவன்தான் நானு.”

பாய் சிரித்துவிட்டார். நான் அதை உடனே அட்டையில் எழுதினேன்.

காந்தம் போடாத அந்தச் சனிக்கு மறுநாள், கண்டக்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கால் என் பக்கம் திரும்பியிருந்தது. அதில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். என் மெஷினில் ஒடிந்த ஊசி. முனை சதைக்குள், பின்பக்கம் வெளியே. வாசலிலிருந்து அதன் மேலேயேதான் நடந்து வந்திருக்கிறார்.

“கண்டக்டரே, கால்ல ஊசி.”

காலைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. பிடுங்கிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “தெரியவே இல்ல நைனா. நீங்க படிங்க பாய்.”

பாய் படிக்கவில்லை. அவரையே பார்த்தார். “ஆள் எங்க கிடைப்பாருன்னு புக்குல தேடிட்டு இருக்கோம். இன்சானுல் காமில் இங்கயே உக்காந்திருக்காரு” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை.

அடுத்த வாரம் கண்டக்டரின் போக்கே மாறியிருந்தது. முதலில், “இன்னா மாஸ்டர், என்னைச் சாமியாராக்கிட்டீங்களா?” என்று கேலி பண்ணியவர், அதற்கடுத்த வாரம் கேலி பண்ணவில்லை. பசியைப் பற்றிப் பேசினார், தூக்கத்தைப் பற்றிப் பேசினார். எதற்கும் கட்டுப்படாமல் நிற்பதுதான் ‘நான்’ என்றார். பாய் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நானும் ஆட்டினேன். கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் என் டேப் வேறு கதை சொன்னது. காக்கி பேன்ட் தொளதொளவென்று ஆகிறது, இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள் என்று கொண்டுவந்தார். முப்பத்தாறு இருந்த இடுப்பு முப்பத்துநாலு. மூன்று வாரம் கழித்து அதே பேன்ட் திரும்பி வந்தது. முப்பத்தொன்று. அளவெடுக்கக் குனியும்போது அத்தர் வாசனை வந்தது. அவர் அத்தர் போடுகிறவரில்லை. அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதுபோல. மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறித்தேன்.

ஒரு புதன்கிழமை அவர் மனைவி கடைக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“மாஸ்டர், இவரு சுகர் மாத்திரைய நிறுத்திட்டாரு. மாத்திரை முட்டுக் குடுத்து நிக்கிற ‘நான்’ இன்னா நானுன்றாரு. அவரு கால பாத்தீங்களா?”

“வலிக்கலைன்னு சொன்னாரேம்மா.”

“அதான் பயமா கீது. சுகர்காரங்களுக்குக் காலு மரத்துப் போவும், தெனம் திருப்பிப் பாரும்மான்னு டாக்டர் போன வருசமே சொன்னாரு. இப்ப காட்டவே மாட்றாரு. நேத்து தூங்கறப்ப பாத்தேன். விரலு ரெண்டு கறுத்துப் போயி கீது.” முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டார். “ஒடம்பு அமானிதம், மாஸ்டர். குடுத்தவன் கேக்கறப்போ பத்திரமா திருப்பித் தரணும். உங்க புக்குல அது இல்லியா?”

நான் கையிலிருந்த டேப்பைச் சுருட்டினேன்.

“நான் சொன்னா காதுல வாங்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு. இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்க.”

சொல்கிறேன் என்றேன்.

அந்த ஞாயிறு கண்டக்டர் வந்து உட்கார்ந்ததும் முகம் அப்படியொரு வெளிச்சமாக இருந்தது. கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி. பாய் ஒவ்வொரு வரியையும் அவர் பக்கம் திரும்பியே படித்தார். பாயிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் எனக்கு முன்னால் இருப்பது ஒரு நோயாளி. திறக்காதவரை அவர் நிறைவான மனிதர். என் வாழ்நாளில் அப்படி ஒருவரை என் கடைத் தரையில் உட்காரவைத்திருக்கிறேன் என்ற பெருமையை விட மனசு வரவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரமும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். நடுவில் ஒருநாள் அவர், “இன்னா மாஸ்டர், எதுனா சொல்லணுமா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்லியே” என்றேன்.

மூன்றாவது ஞாயிறு பேய்மழை. அடையாறு கரை தொட்டு ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே கண்டக்டர் நனைந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். உடம்பு கொதித்தது, பல் தந்தியடித்தது, குளிர் என்றார். பாய் இரண்டு வரி படித்து நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு ஜமுக்காளத்தைப் பார்த்தார். வாசலிலிருந்து கண்டக்டர் உட்கார்ந்த இடம் வரை அடிக்கு ஒரு கறை.

“மாஸ்டர்,” என்றார் பாய், மெதுவாக. “இது மழைத்தண்ணி இல்ல.”

ஆட்டோவில் ஏற்றும்போதுகூட கண்டக்டர், “வலியே இல்ல பாய், எதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியதே பெரிது என்றாராம் டாக்டர். நான் போய்ப் பார்க்க ஒரு வாரம் ஆனது, தைரியம் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார்.

“வலிக்குது மாஸ்டர்,” என்றார் கண்டக்டர்.

“எங்க?”

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். “அங்கதான். ஊசி ஏறின எடத்துல. இருந்தப்ப வலிக்கல, இப்ப வலிக்குது. டாக்டரு அப்படித்தான் இருக்கும்ன்றாரு.”

அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன். அவர் மனைவி வந்ததை, நான் வாயைத் திறக்காததை, காந்தத்தை, எல்லாவற்றையும்.

“தெரியும். அவ வந்ததை அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா.”

அவர் மனைவி விட்டுப்போன ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“கறுத்துக்கினு வர்றத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன் மாஸ்டர். பயந்தான். நீங்க சொல்வீங்க, சரின்னு கெளம்பிடலாம்னு ரெண்டு வாரமா காத்துக்கினு கெடந்தேன். நானா எப்படிச் சொல்றது? நீங்க ரெண்டு பேரும் என்னை அப்படிப் பாத்துக்கினு கீறீங்க.”

வாசலில் அவர் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன்.

“பாய்கிட்ட சொல்லுங்க,” என்றார் கண்டக்டர், கண்ணை மூடிக்கொண்டு. “புக்கை மூட வேணாம், படிக்கட்டும். என் பக்கம் திரும்பிப் படிக்க வேணாம், அவ்ளோதான்.”