அம்சவல்லி கோர்ட்டு

"குந்துங்க. சாயங்காலச் சங்கு ஊதுற வரைக்கும் குந்துங்க. தண்ணி கேட்டா குடுப்பேன், தீனி கேட்டா குடுக்க மாட்டேன்."

கிளிப் பொம்மையின் மூக்கை உடைத்துவிட்ட மேஸ்திரி தர்மராஜ், மறுபேச்சு பேசாமல் போய் மண்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். சூளைக்குள் பொம்மைகளை வைத்து அடுக்குகிற பெட்டி அது. விரிசல் விட்டுச் சூளைக்கு ஆகாமல் போனதைக் கவிழ்த்துப் போட்டு, அம்சவல்லி தன் கோர்ட்டுக்கு ஆக்கிக்கொண்டாள். பட்டறைப் பெண்கள் அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்குகிற தர்மராஜ், அதில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்துப் பையனாகிவிடுவார். சூளைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்றால்கூட, "ஜாமீன்ல போயிட்டு வரேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் அம்சவல்லியின் சிரிப்பு அடுத்த பட்டறைக்கும் கேட்கும். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பது அவள் வேலை. வலது கன்னத்தில் எப்போதும் வறுத்த புளியங்கொட்டை ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். கை சீவ, வாய் பொம்மைகளோடு வழக்காடும். "எம்மாம் நேரம்தான் கண்ண மூடிக்கினு குந்தியிருப்ப, எழுந்திரு" என்று புத்தரை அதட்டுவாள். பிள்ளையாரின் வயிற்றைத் துடைக்கும்போது, "ஒனக்கென்ன கொறச்சல், மாமியாரா நாத்தனாரா" என்பாள்.

அவள் கோர்ட்டில் எல்லாக் குற்றத்துக்கும் ஒரே தண்டனைதான். டீயில் தண்ணீரை ஊற்றி அளந்த டீக்கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நாத்தனாரின் புதுப்புடவையை ஒளித்து வைத்த, கூட வேலை செய்கிற கமலம் உட்கார்ந்திருக்கிறாள். "ஏங்க்கா, பெரிய தப்புக்கும் இதே, சின்னத் தப்புக்கும் இதேவா?" என்று கமலம் ஒருமுறை கேட்டாள். "நான் பார்த்த கோர்ட்டுல அப்படித்தாண்டி. ஆளைக் கொன்னதுக்கே குந்துன்னுதான் சொன்னாங்க" என்றாள் அம்சவல்லி. சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவள் அந்தக் கோர்ட்டைப் பார்த்தது ஒரே ஒரு நாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வேப்பூர் ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அவள் புருஷனைப் பின்னாலிருந்து ஒரு கார் அடித்துப் போட்டது. ஓட்டி வந்தவர் கடலை மில் முதலாளியின் மகன் சக்கரபாணி. அப்போது நாட்டில் மதுவிலக்கு. ஆனால் உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் சீட்டு வாங்கினால், வசதியுள்ளவர்கள் பெர்மிட்டில் குடிக்கலாம். சக்கரபாணியின் உடம்புக்கு அன்றைக்கு ஒரு கல்யாண விருந்தில் ரொம்பவே முடியாமல் போயிருந்தது.

வழக்கு வந்த காலையில், ஏரிக்கரையில் சாராயம் குடித்துப் பிடிபட்ட மாயவன் என்ற கூலியாளுக்கு மூன்று மாதம் விழுந்தது. அடுத்தது சக்கரபாணி. வண்டி ஓட்டியதில் கவனக்குறைவு, அவ்வளவுதான் குற்றம். அபராதம் போட்டு, கோர்ட்டு கலையும் வரை கோர்ட்டிலேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் மாசி மகம். ஊரெல்லாம் விருந்தாளிகள், எல்லோருக்கும் அவசரம். மத்தியானத்துக்குள் கோர்ட்டு கலைந்துவிட்டது. சக்கரபாணி வீட்டுக்குப் போய்ச் சூடாகவே சாப்பிட்டிருப்பார்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. நாற்காலி போட்டதையும் சீக்கிரம் கலைந்ததையும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்வாள். தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடிய வக்கீல், செத்தவன்தான் குடித்துவிட்டுத் தாறுமாறாகச் சைக்கிள் விட்டான் என்றார். பக்கத்தில் நின்ற சக்கரபாணி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"நீராகாரம் கொஞ்சம் புளிச்சாலே மூஞ்சச் சுளிக்கிற மனுசன்டி எங்க வூட்டாரு" என்பாள். ஆனால் கோர்ட்டில் சொன்ன சொல் ஊருக்குள் வந்துவிட்டது. குழாயடியில் வாய்த்தகராறு முற்றினால், "குடிகாரன் பொண்டாட்டிதானடி நீ" என்று ஒருத்தி முடித்துவைப்பாள். ஊரையே வாயால் அடக்குகிற அம்சவல்லி அந்த இடத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். தண்டனை கூடியது குறைந்தது பற்றி அவளுக்குக் கவலையில்லை. தலையை ஆட்டிய மனுஷன் தன் வாயாலேயே அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த ஆடி மாதம் பட்டறை கைமாறியது. வாங்கியவர் சக்கரபாணியேதான். தர்மராஜ் கிளியின் மூக்கை உடைத்த அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக வருவதாக இருந்தது. "வேலைய வுட்டுடுவியாக்கா?" என்று கமலம் கண் கலங்கக் கேட்டாள். "நான் ஏண்டி வுடணும்? நான் இருக்கிற எடத்துக்கு அவருதான வராரு" என்றாள் அம்சவல்லி.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் சக்கரபாணி வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, கையில் லட்டுத் தட்டு. கெட்ட மனுஷன் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. யார் எது சொன்னாலும் சிரிக்கிற முகம். கவலை என்ற ஒன்றை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வளர்ந்த பிள்ளை. மண்பெட்டியிலிருந்து அலறிப் புடைத்து எழுந்த மேஸ்திரியைப் பார்த்து என்னவென்று கேட்டார். தர்மராஜ் அசடு வழியக் கோர்ட்டு விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அட, நல்லா இருக்கே! நானும்தான் லேட்டா வந்திருக்கேன். எனக்கு என்னம்மா தண்டனை?"

கமலத்தின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. அம்சவல்லி கத்தியை வைத்துவிட்டு, புளியங்கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"ஒங்களுக்குப் புதுசா ஒண்ணும் இல்லீங்க மொதலாளி. பழைய பாக்கிதான் இருக்குது."

"பாக்கியா? என்ன பாக்கி?"

"மாசி மகத்துக்கு மொத நாளு ஒங்களக் கோர்ட்டுல குந்தச் சொன்னாங்களே. சாயங்காலம் வரைக்கும் குந்த வேண்டியவரு, மத்தியானமே எழுந்து போயிட்டீங்க. மீதிப் பொழுது அப்படியே நிக்கிது. வேப்பூர் ரோட்டுல சைக்கிள்ல வந்தாரே, அவரு பொண்டாட்டிங்க நான்."

சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. "அம்சவல்லி, போதும்" என்று தர்மராஜ் பல்லைக் கடித்தார். அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. வெளியே போ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். சக்கரபாணி வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கே உக்காந்திருக்கணும்" என்று சொல்லி, மண்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

அப்புறம் வேலை தன்பாட்டுக்கு நடந்தது. வெள்ளை வேட்டியில் மண் ஏறியது. ஈ மொய்த்தது. பட்டறையிலேயே வயசான, காது மந்தமான கொளஞ்சியம்மாள், விவரம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும், கைதிக்குத் தண்ணீர் தரலாம் என்ற சட்டப்படி ஒரு சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்த வேகத்தைப் பார்த்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்சவல்லி மட்டும் நிமிராமல் சீவிக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது சக்கரபாணி தரையைப் பார்த்துச் சொன்னார். "ஒங்க வீட்டுக்காரரு குடிக்கலம்மா. நான்தான் குடிச்சிருந்தேன். தெரிஞ்சேதான் அன்னிக்குத் தலையாட்டினேன்."

"கொளஞ்சிக்குக் காது கேக்காதுங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா."

"ஒங்க வீட்டுக்காரரு குடிக்கல!"

"வூட்டுக்காரருன்னா எந்த வூட்டுக்காரரு? ஊருல நூறு வூடு இருக்குது. பேரச் சொல்லுங்க."

சக்கரபாணிக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. கோர்ட்டில் உரக்கப் படித்த பெயர்தான், அவர் காதில் ஏறவே இல்லை. உதவிக்குத் தர்மராஜைப் பார்த்தார். சொல்ல வந்த தர்மராஜை அம்சவல்லி கையைக் காட்டி நிறுத்தினாள்.

புருஷன் பெயரை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட, "பாரதக் கூத்துல வில்லப் புடிச்சிக்கினு வருவாரே, அவரு பேருங்க" என்று சொல்லிவிட்டு நிற்பாள். இப்போது ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள்.

"அர்ச்சுனன்" என்றாள்.

"அர்ச்சுனன் குடிக்கல" என்றார் சக்கரபாணி. சூளைப் பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "அர்ச்சுனன் குடிக்கல. குடிச்சது நான்."

சங்கு ஊதியது. ஒருத்தியும் எழவில்லை. அத்தனை நேரமும் எதுவும் சரியாகக் காதில் விழாமல் இருந்த கொளஞ்சியம்மாள்தான் முதலில் வாயில் கை வைத்தாள்.

"அடியே, புருசன் பேரச் சொல்லிப்புட்டியே!"

அம்சவல்லி புதுப்பெண்ணைப் போல நாக்கைக் கடித்துக்கொண்டு, மண் ஒட்டிய இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.