கோவிந்தம்மா கைநாட்டு வைக்காத காகிதம்

கோவிந்தம்மாவை லேசில் ஏமாற்ற முடியாது என்று பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகச் சொன்னவர்கள் குறைவு. கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து அனுப்பம்பட்டுப் பக்கம் போய், கேழ்வரகு மாற்றிக்கொண்டு வருகிறவள் அவள். குடியானவன் அளந்து போட்ட தானியத்தை முறத்தில் கொட்டி, அடியில் கிடப்பதை மேலே புரட்டிப் பார்த்த பிறகுதான் கருவாட்டில் கை வைக்க விடுவாள்.

"இன்னாம்மா, எங்களைப் பாத்தா திருடன் மாதிரியா இருக்குது?" என்று யாராவது கேட்டால், "திருடன் மாதிரி இருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்? நல்லவன் மாதிரி இருக்கறதாலதான் பாக்கறேன்" என்பாள்.

இத்தனைக்கும் கட்டிய புருஷனை மட்டும் அவள் புரட்டிப் பார்க்கவில்லை. வரதன் ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவன். டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கோட்டையில் துணி மூட்டைகளைப் படகில் ஏற்றி, கடலில் தள்ளி நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோகிற வேலை கிடைத்ததும் அவனுடைய வரவு குறைந்தது. வாரம் ஒருமுறை வந்தான், பிறகு மாதம் ஒருமுறை. மகள் எல்லம்மாவுக்கு இரண்டு வயது நடக்கும்போது, கோட்டைக்குப் பின்தெருவில் ரோசி என்கிற தையல்காரியோடு குடித்தனம் போட்டுவிட்டான் என்று தெரிந்தது. வேதக் கோயிலில் தலையில் தண்ணீர் வார்த்து ஆபிரகாம் என்று பேரும் மாற்றிவிட்டார்களாம். கோவிந்தம்மா அழவில்லை. நேரே குப்பத்துத் தலைவரான நாட்டார் சிங்காரத்திடம் போய்ப் பஞ்சாயத்து கூட்டச் சொன்னாள்.

பஞ்சாயத்துக்கு வரதன் வந்தான். தலை குனிந்து நின்றான், தவறு என்றும் ஒப்புக்கொண்டான். மாதம் இரண்டு மரக்கால் கேழ்வரகும் வருஷத்துக்கு இரண்டு துணியும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று சிங்காரம் சொன்னார்.

"பொட்டப் புள்ளைக்கு எதுவரைக்கும்?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"இன்னொரு வூட்டுச் சோறு துன்னப் போற வரைக்கும்" என்றார் சிங்காரம்.

"இவ நாளைக்கு வேற ஒருத்தனைக் கட்டிக்கினா?"

சிங்காரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தார். "இவளுக்குப் புருஷன் மாறலாம். புள்ளைக்கு நைனா மாறுவானா?"

ஒரு வருஷம் தவறாமல் தானியம் வந்தது. அதுவே கோவிந்தம்மாவுக்கு உறுத்தியது. ஓடிப்போனவன் எதற்கு இத்தனை ஒழுங்காகக் கொடுக்கிறான்? ரோசி ஏதாவது மந்திரித்து அனுப்புகிறாளோ என்று முதல் பிடியைக் கோழிக்குப் போட்டு, மறுநாள் கோழி நடமாடுவதைப் பார்த்த பிறகே பிள்ளைக்குக் கூழ் காய்ச்சினாள். அடுத்த வருஷம் அவன் பிள்ளையைப் பார்க்க வர ஆரம்பித்தான். முதலில் கரையில் நின்று பார்த்தான். பிறகு தூக்கினான். ஒருநாள், "கோட்டைப் பக்கம் கூட்டினு போயி கப்பலைக் காட்டிட்டு வரேன்" என்றான்.

கோவிந்தம்மாவின் சின்ன வயசில் பஞ்சம் வந்தபோது, ஒரு மூட்டை அரிசிக்கு விலையாகிக் கப்பலேறிப் போன பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். ஒன்றுகூடத் திரும்பவில்லை. பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இனிமே நீ தானியம் மட்டும் அனுப்பு. நீ வர வேணாம்."

"பெத்தவன் பாக்கக் கூடாதா?"

"கூடாது."

"அப்போ போடவும் முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடியே மூன்று மாதம் ஒரு பிடி தானியம் வரவில்லை.

சிங்காரம் இரண்டு பேரையும் கடிந்துகொண்டார். "பாக்கறது வேற, போடறது வேற. நீ காட்டலன்றதுக்காக அவன் பட்டினி போடக் கூடாது. அவன் போடலன்றதுக்காக நீயும் மறைக்கக் கூடாது." ஆனால் இந்த முறை வரதன் பஞ்சாயத்துக்கு வரவில்லை. தான் இப்போது கோட்டை ஆள் என்றும், வேதத்தில் சேர்ந்தவனைக் குப்பத்துப் பஞ்சாயத்து கட்டுப்படுத்தாது என்றும் சொல்லியனுப்பினான். நாட்டார் உதட்டைப் பிதுக்கினார். "அங்கயே போயிக் கேளு. அவன் யார் நெழல்ல நிக்கறானோ அவங்க சொன்னாத்தான் கேப்பான்."

கோட்டை வாசலில் கங்காதரன் என்ற துபாஷி இருந்தார். ஒல்லாந்துக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்கிறவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்விகள் பஞ்சாயத்தில் கேட்காதவை. தாலி கட்டியதைப் பார்த்தவர் யார்? பிள்ளை பிறந்தபோது அவன் ஒரே வீட்டில் இருந்தானா? அவளுக்குச் சொந்தமாக வருமானம் உண்டா? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குழி இருப்பதுபோல் கோவிந்தம்மா அளந்து அளந்து பதில் சொன்னாள். கடைசியில் அவர் வரதனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"துடுப்புப் போடற கூலிங்க நான். என் வயித்துக்கே பத்தல" என்றான் அவன்.

"பொய்" என்றாள் கோவிந்தம்மா. "நாலு நாளா கரையில உக்காந்து பாத்துனு இருந்தேன் சாமி. எல்லாரும் ஏறினப்புறம் கடைசியா ஏர்றான். படகோட பின்பக்கம், பின்னணியத்துல நின்னு பெரிய துடுப்பைப் புடிக்கறான். மத்த எட்டுப் பேரும் இவன் சத்தம் குடுத்தாத்தான் வலிக்கறாங்க. கூலிக்காரன் கையில பின்துடுப்பை எவன் குடுப்பான்? இவன் தண்டல்."

படகின் தலைவனைத்தான் தண்டல் என்பார்கள். கங்காதரன் வரதனைப் பார்த்தார். வரதன் கடலைப் பார்த்தான். அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

பத்து நாளில் ஒல்லாந்து பாஷையில் காகிதம் தயாரானது. துபாஷி அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். மாதம் மூன்று மரக்கால், கல்யாணம் வரைக்கும். கேட்டதற்கு மேலேயே இருந்தது. "இங்க கைநாட்டு வை" என்று மைக்கூட்டைத் தள்ளினார்.

கேட்டதற்கு மேல் ஏன் கிடைக்கிறது? கோவிந்தம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இத எடுத்துனு போயி வேற யார்கிட்டயாவது படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வரேன் சாமி."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குது. காகிதத்து மேலதான் இல்ல."

அவருக்கு முகம் சிவந்தது. கைநாட்டு இல்லாத காகிதத்தால் யாருக்கும் பயன் இல்லை என்பதால், எட்டு நாள் தவணை சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

கிடங்கில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுகிற ஜானிடம் முதலில் போனாள். அவனுடைய அப்பன் ஒல்லாந்துச் சிப்பாய், அம்மா உள்ளூர்க்காரி. அவனுக்கு இரண்டு பாஷையும் வரும். கடகடவென்று படித்து, துபாஷி சொன்னதையே சொன்னான். வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே திருப்தியாகியிருப்பாள். கோவிந்தம்மா, அவன் படித்த வேகத்தை யோசித்துக்கொண்டே நடந்தாள். இரண்டு பேரும் கோட்டைச் சம்பளம் வாங்குகிறவர்கள். சிநேகிதர்கள் ஒரே மாதிரி சொல்வதில் என்ன அதிசயம்? தனக்கு ஆகாத ஒருத்தி படித்தும் அதே சேதி வந்தால்தான் அது உண்மை.

குப்பத்தையும் கோட்டையையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த எழுத்துத் தெரிந்த, அவளுக்கு ஆகாத ஒருத்தி ரோசிதான். துரை வீட்டில் வளர்ந்தவள், வேதப் புத்தகம் வாசிக்கிறவள் என்று ஊரே சொல்லும்.

வரதன் படகில் போயிருந்த முற்பகலாகப் பார்த்துப் போனாள். ரோசி வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "உள்ள வாங்கக்கா."

"உள்ள வரத்துக்கு வரல. இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படி."

ரோசி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள், ஆனால் எதையும் விடவில்லை. மூன்று மரக்கால், துணி, கல்யாணம் வரைக்கும் என்று எல்லாம் வந்தது. பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

"இன்னா?"

"புள்ளைக்கு ஏழு வயசு ஆனதும் நைனா வூட்டுக்கு வந்துடணும்னு இருக்குது. அதுக்கப்புறம் அம்மா கேக்கக் கூடாதாம்."

கோவிந்தம்மாவின் மனசு உடனே சந்தேகத்துக்குப் போனது. இவள் புளுகுகிறாளோ? மூன்று மரக்கால் தன் வீட்டை விட்டுப் போகிறதே என்று, பயம் காட்டிக் கைநாட்டு வைக்கவிடாமல் செய்கிறாளோ?

"ஏழுன்னு எந்த எடத்துல போட்டிருக்குது? காட்டு."

ரோசி காட்டினாள். கோவிந்தம்மா அந்த எழுத்தின் மேல் நகத்தால் ஒரு கீறல் போட்டுக்கொண்டு, வந்த வழியே கிடங்குக்கு நடந்தாள். ஜானிடம் முழுக் காகிதத்தையும் கொடுக்கவில்லை. கீறல் இருந்த வரி மட்டும் தெரியும்படி மடித்து நீட்டினாள். "இந்த ஒரு வரியை மட்டும் சொல்லு."

ஜான் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "ஏழு வயசுன்னு..." என்று இழுத்து நிறுத்தினான். "வரதன் என் கூட்டாளி. நான் இன்னா பண்றது?" என்றான்.

மறுநாள் துபாஷியின் முன்னால் காகிதத்தை வைத்தாள். அன்று படித்துக் காட்டியபோது சுருக்கிச் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, தகப்பன் கேட்டால் இப்படி எழுதுவது உண்டு என்றார். கோவிந்தம்மா அவரிடம் சண்டை போடவில்லை, பக்கத்தில் நின்ற வரதனிடம் திரும்பினாள். "நீயா கேட்ட?"

"ஆமா."

"கப்பலுக்கா?"

அவன் அடிபட்டவன்போல் நிமிர்ந்தான். "என் புள்ளையை நான் கப்பல் ஏத்துவேன்னா நெனச்ச? நீ காட்டமாட்டேன்ற. மூணு மரக்கால் போட்டாலும் தெருவுல பாத்தா அது என்னை யாருன்னு கேக்கும். வேற எப்படி நான் புள்ளைய பாக்கறது?"

அவன் குரலில் நடிப்பு இருக்கிறதா என்று கோவிந்தம்மா தேடிப் பார்த்தாள். இருந்ததாகத் தெரியவில்லை. அதனால் திருட்டுத்தனம் இல்லை என்றும் ஆகிவிடாது. ஆனாலும் நாட்டார் சொன்னது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. அவன் ஒன்றை நிறுத்தினான், அவளும் ஒன்றை நிறுத்தியிருந்தாள்.

"வேற காகிதம் எழுதுங்க சாமி" என்றாள். "புள்ளை கல்யாணம் வரைக்கும் என்கிட்டதான். தானியம் மாசாமாசம். ஞாயித்துக்கிழமை இவன் குப்பத்துக்கு வந்து பாக்கலாம், என் கண்ணு எதிர்ல. நான் காட்டலன்னாலும் தானியம் நிக்கக் கூடாது. இவன் தானியம் போடலன்னாலும் நான் மறைக்கக் கூடாது. அதையும் எழுதுங்க."

கங்காதரன் மூன்று மரக்காலை இரண்டரையாகக் குறைக்கப் பார்த்தார். தண்டல் வேலை நிலையில்லாதது, படகு ஓடாத மாதங்கள் உண்டு என்றார். கோவிந்தம்மா யோசித்தாள். மழைக்காலத்தில் மூன்று மாதம் படகு கரையில் கிடக்கும் என்பது அவளுக்கும் தெரியும். "அந்த மூணு மாசம் ஒண்ணரை போடட்டும். கடல் அடங்கினதும் பழையபடி மூணு" என்றாள். வரதன் தலையாட்டினான்.

புதுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ரோசியிடம்தான் போனாள். ரோசி இரண்டு தடவை படித்தாள். ஏழு என்ற சொல் எங்கும் இல்லை. கோவிந்தம்மா கிளம்பாமல் நின்றாள்.

"அன்னிக்கு உன் வூட்டுக்காரன் எழுதவெச்சத நீயே ஏன் காட்டிக் குடுத்த?"

ரோசி சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா என்னை ஏழு வயசுலதான் துரை வூட்டுல வுட்டுட்டுப் போனா. சாயங்காலம் வரேன்னா."

"அதுக்காகவா? இல்ல, என் புள்ள உன் வூட்டுல வந்து குந்தக் கூடாதுன்னா?"

ரோசி மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "ரெண்டுந்தாங்கக்கா" என்றாள்.

கோவிந்தம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அன்று பிற்பகலே கைநாட்டு வைத்தாள்.

வரதன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். முதல் ஆறு மாதம் கோவிந்தம்மா வலை பின்னுகிற சாக்கில் பத்தடி தள்ளி உட்கார்ந்து அவன் வாயைக் கவனித்தாள். எல்லம்மா அவனுக்கு நண்டு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள், ஏதோ அவன் அந்தக் கரையில் பிறக்காதவன்போல. தானியம் சில மாதம் பிந்தியது, முழுசாக நிற்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஒன்றரை மரக்காலும் இல்லாமல் ரோசியே ஒரு கூடை மடவை மீனோடு வந்தாள். கோவிந்தம்மா ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்துப் பார்த்துத்தான் வாங்கினாள்.

எல்லம்மாவுக்குப் பதினான்கு வயதில் ஆரம்பாக்கத்திலிருந்து வடிவேலு என்பவரின் மகனுக்குக் கேட்டு வந்தார்கள். பையனைப் பற்றி நான்கு மாதம் விசாரித்த பிறகு கோவிந்தம்மா சம்மதித்தாள். தட்டு மாற்றுகிற அன்று கல்யாணச் சேலையோடு வரதனும் ரோசியும் வந்திருந்தார்கள். சிங்காரம் வெற்றிலைத் தட்டை எடுத்தபோது, கோவிந்தம்மா அதன்மேல் கையை வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். நாளைக்கு உங்க புள்ள என் பொண்ணை வுட்டுட்டுப் போயிட்டா, பொறக்கற புள்ளைக்கு யார் சோறு போடறது?"

கூட்டம் சலசலத்தது. வரதன் தரையைப் பார்த்தான். வடிவேலு எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துல இன்னா பேச்சு இது? கௌம்புங்க போலாம்."

அவருடைய மனைவி கஸ்தூரியம்மாள் மட்டும் எழவில்லை. கோவிந்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தவள், "நீ குந்துய்யா" என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "என் புள்ள போடுவான். அவன் போடலன்னா நான் போடுவேன். போதுமா?"

கோவிந்தம்மா நாட்டாரைப் பார்த்தாள். "கேட்டுக்கினீங்களா?"

"கேட்டுக்கினேன், கேட்டுக்கினேன்" என்றார் சிங்காரம். அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள்.