பிளக் துளையில் மாட்டிய விரல்

பாரிசில் அத்தைக்கு அந்தக் கருவி உண்மையிலேயே கிடைக்கவில்லையா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பதில் தெரியாத கேள்வி இது. அத்தையிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் மனம் நோகுமோ என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இப்படியே இருந்துவிட்டேன்.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் தாத்தாவின் மோட்டார் சைக்கிள் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியபோது அவர் கப்பலில் கொண்டுவந்த வண்டி. அவர் இறந்தபின் ஓடவில்லை. அப்பாவின் தம்பியான சித்தப்பா அதை மறுபடி ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மெக்கானிக் அல்ல, பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார். வண்டியின் பழைய கையேட்டைப் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் வரிவரியாகப் படித்துத்தான் எல்லாவற்றையும் பூட்டினார். கடைசியில் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில், தீப்பொறி தரும் பிளக்கை மாட்டும்போது அவசரப்பட்டுக் கோணலாக ஏற்றிவிட்டார். துளையின் மரை, அதாவது உட்சுவரில் இருக்கும் திருகு வரிகள், நசுங்கிவிட்டது. அதன்பின் எப்படித் திருகினாலும் பிளக் நேராக இறங்கவில்லை.

அந்த அளவு பிளக் இங்கே எந்த வண்டியிலும் கிடையாது, அதற்கு மரை வெட்டும் கருவியும் கடைகளில் இல்லை. லேத்துப் பட்டறைக்காரர் துளையைப் பெரிதாக்கி உள்ளே வளையம் அடித்துத் தருவதாகச் சொன்னார். இருப்பது ஒரே ஹெட், விரிசல் விட்டால் வேறு எங்கே போவது என்று சித்தப்பா பயந்தார். அந்த அளவுக்கு மரை வெட்டும் கருவி ஒன்றை வாங்கிவரும்படி பாரிசில் இருந்த அத்தைக்குப் போன் போட்டார்.

அத்தைதான் வீட்டில் மூத்தவர். தாயில்லாமல் வளர்ந்த சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்த வருடமும் பெட்டி நிறைய சோப்பும் சாக்லேட்டும் எல்லோருக்கும் சட்டையும் கொண்டுவந்தார். கருவி மட்டும் வரவில்லை.

"கடை கடையா ஏறி எறங்கிட்டேன்டா. கெடைக்கல" என்றார்.

கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில், முற்றத்துப் பூந்தொட்டிகளுக்கு நடுவே அழகுக்கு நிறுத்த இந்த வண்டியைக் கேட்கிறார்கள் என்றும், தான் திரும்பிப் போவதற்குள் ஓடாவிட்டால் கொடுத்துவிடப்போவதாகவும் சொன்னார். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

மறுநாள் காலையே சித்தப்பா தாத்தாவின் சாமான் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். அதே அளவில் எரிந்துபோன பழைய பிளக் ஒன்று கிடைத்தது. அதன் மரையில் மேலிருந்து கீழாக அரத்தால் சில பள்ளங்கள் ராவினார். பள்ளத்தின் விளிம்பு கத்திபோல் வெட்டும். உதிரும் தூள் ஒட்டிக்கொள்ளப் பள்ளம் நிறையக் கிரீஸ். அதுதான் கருவி. பேங்க் வேலை முடிந்து வந்த அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியார் செஞ்சதாச்சே. இது வெட்டுமா, இல்ல வெட்டுறேன்னு பிரெஞ்சுல சொல்லுமா?"

வெட்டத்தான் செய்தது, ஆனால் கோணலாக. மேல் மரை நசுங்கியிருந்ததால் பிடிப்பில்லாமல் சாய்ந்தது. சித்தப்பா பதறி வெளியே எடுத்தார். ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் கரி பிடித்து ஒன்றும் தெரியவில்லை. தடவிப் பார்க்கலாம் என்றால் அவர் விரல் நுழையவில்லை. என் விரல் நுழைந்தது. நுழைந்ததே தவிர, திரும்பி வரவில்லை.

நான் போட்ட கூச்சலில் அத்தை குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்தார். அம்மா தேங்காய் எண்ணெயை ஊற்றினார். இப்படியே ஹெட்டோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடலாமா என்று அப்பா கேட்டார். அத்தை சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவுக்குக் காலு போச்சு இந்த வண்டியில. இப்ப புள்ளைக்கு விரலு. இன்னும் என்னாடா வேணும் ஒனக்கு? நாளைக்கே ஓட்டல்காரனுக்குப் போன் போடறேன்."

தாத்தா காலாப்பட்டுச் சாலையில் விழுந்ததும், கடைசிவரை தாங்கித் தாங்கி நடந்ததும் எனக்கும் தெரியும். எண்ணெயில் விரல் வழுக்கி வெளியே வந்தது. விக்கிக்கொண்டே நான் சொன்னதைத்தான் இன்றும் வீட்டில் எல்லோரும் சொல்லிக் காட்டுவார்கள்.

"அடியில வரிவரியா குத்துது சித்தப்பா. மேலதான் மழுங்கிப் போயிருக்கு."

சித்தப்பா என் விரலைப் பார்க்கவில்லை, ஹெட்டைப் பார்த்தார். மேலிருந்து இறங்காமல் அடியிலிருந்து மேலே வந்தால் என்ன? நல்ல மரையைப் பிடித்துக்கொண்டு கருவி நேராக ஏறுமே. ஹெட்டைக் கவிழ்த்தே வைத்து அடிப்பக்கமாகத் திருகினார். கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால், வெளியே எடுத்துத் தூளைத் துடைத்துப் புதுக் கிரீஸ், மறுபடி உள்ளே. அப்பாவும் கேலியை விட்டுவிட்டு டார்ச் பிடித்தார். கருவியின் முனை மேலே எட்டிப் பார்த்தபோது இம்மிகூடச் சாய்ந்திருக்கவில்லை. புது மரையில் பிளக் கைத்திருகலிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கி, சிக்கென்று நின்றது.

ஞாயிறு மாதாகோயில் பூசை முடிந்து வந்ததும் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். இருமியது. மறுபடி உதைத்தார். அடுத்த உதையில் வீட்டுச் சன்னல் அதிரும்படி எழுந்தது அந்தச் சத்தம். தெரு முழுவதும் புகை. கோயில் உடுப்பைக்கூட மாற்றாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். அப்பா தானே செய்ததுபோல் எல்லோருக்கும் கை கொடுத்தார். எண்ணெய்க் கறை போகாத என் விரலை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓடுது பாருக்கா" என்றார் சித்தப்பா, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டே.

அத்தை பின்னால் வந்து கேரியரை இரண்டு கையாலும் பிடித்தார். வண்டியைத் தள்ளிவிடுகிறார் என்று நினைத்து நானும் ஓடிப்போய் முழுப் பலத்தோடு தள்ளினேன். வண்டி பாய்ந்து போயிற்று. நான் குதித்தேன். அத்தையின் கை அப்படியே காற்றில் நின்றது. அது தள்ளுவதற்கான பிடி அல்ல என்பது எனக்கு ஒரு மகள் பிறந்தபிறகுதான் புரிந்தது.

அவளுக்கு இப்போது நான்கு வயது. வரும் ஞாயிறு அவளை அந்த வண்டியில் முன்னால் உட்காரவைத்துத் தெருமுனை வரை கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். அவள் இன்றே கிளம்பத் தயார். நான் ஒரு ஹெல்மெட் வாங்கி, பெரிதாக இருக்கிறதென்று மாற்றி, மாற்றியது சிறிதோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள். 'வேண்டாம்' என்பவர்கள் ஒரு வரி எழுதினால் போதும். 'விடலாம்' என்பவர்கள் தயவுசெய்து கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.